அவரைக் கொடியும் இரவின் நீளமும்

காய்கறிக் கடையில் இப்போது மாதம் என்பதே கிடையாது. சித்திரையில் முட்டைக்கோஸும், மார்கழியில் வெள்ளரிக்காயும், எந்த நாளிலும் தக்காளியும் குவிந்து கிடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு காலம் உண்டென்பது பாட்டிமார் சொல்லும் பழைய சம்பிரதாயங்களில் ஒன்றாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் நாலு பாத்தி பிடித்து, அதில் விளைவதைக் கொண்டே கூடியவரையில் குழம்பும் கறியும் நடத்திக்கொள்வது என்று தீர்மானித்துவிட்ட குடும்பத்தில் அந்த எண்ணம் ஒரு வருஷம்கூட நிலைக்காது. கடைக்காரரிடம் வேண்டியதைக் கேட்கலாம். கொல்லையிடம் அது கொடுப்பதை வாங்கிக்கொள்ளத்தான் முடியும். இதைப் புரியவைப்பதற்கு ஓர் அவரைக் கொடி போதும்.

ஆடி மாதத்தில் குழியெடுத்து, மக்கிய எருவிட்டு, மூன்று நான்கு கொடியவரை விதைகளை ஊன்றுகிறோம். ஒரு வாரத்தில் முளை தலைநீட்டுகிறது. ஆவணியில் கொடி கொம்பைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. புரட்டாசியில் பந்தல் முழுவதும் படர்ந்து, கீழே வெயில் விழாதபடி மூடிக்கொள்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. எரு அதிகமாகிவிட்டது என்பார் ஒருவர். விதை மலட்டு விதை என்பார் இன்னொருவர். இடத்தை வீணாக அடைத்துக்கொண்டிருக்கிறது, வெட்டிப் போடு என்று சொல்லும் மூன்றாமவரும் எந்த வீட்டிலும் இருப்பார். ஐப்பசி மழை சற்று ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், அதே கொடியில் இலைகளுக்கு மேலே ஊதாவும் வெள்ளையுமாகப் பூங்கதிர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அப்புறம் மாசி வரையில் காய் பறித்து மாளாது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் மிஞ்சும்.

இந்தக் கொடி எதற்காகக் காத்திருந்தது? மழைக்காக அன்று, மழையற்ற வருஷத்திலும் அது கார்த்திகையை ஒட்டியே பூக்கிறது. குளிருக்காகவும் அன்று. அது காத்திருந்தது இரவு நீளுவதற்காக.

தாவரங்களின் இந்தக் காலக்கணக்கு தெரியவந்த விதம் சுவாரஸ்யமானது. அமெரிக்க விவசாய இலாகாவில் கார்னர், ஆலர்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 'மேரிலாந்து மாமத்' என்ற பெயருக்கேற்ப ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்த அந்தச் செடி, கோடை முழுவதும் வயலில் பூக்காமலே நின்றது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சிறியதாக இருக்கும்போதே பூத்துவிட்டது. உரம், ஈரம், உஷ்ணம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகு, கடைசியில் ஒருவரும் சந்தேகியாத ஒரு விஷயம் எஞ்சியது. 1918ஆம் ஆண்டு ஜூலையில், வெளிச்சம் புகாத ஒரு சிறு கொட்டகையைக் கட்டி, புகையிலைச் செடிகளையும் சோயா மொச்சைத் தொட்டிகளையும் மாலை 4 மணிக்கு உள்ளே தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். நடுக்கோடையிலே செயற்கையாக ஒரு நீண்ட இரவைச் செய்துகொடுத்தார்கள் என்று சொல்லலாம். வயலில் நின்ற உடன்பிறப்புகளெல்லாம் இலை விட்டுக்கொண்டிருக்க, கொட்டகைச் செடிகள் பூத்தன. 1920இல் இந்த முடிவு பிரசுரமாயிற்று.

பகலின் நீளத்தைச் செடி அளக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். உண்மையில் அது அளப்பது இருட்டின் நீளத்தையே என்பதை 1938இல் சிகாகோவில் ஹாம்னர், பானர் என்பவர்கள் காட்டினார்கள். அவர்கள் அதற்குத் தேர்ந்துகொண்ட செடி, நம் ஊர்த் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் முள்காயோடு நின்று, போகிறவர் வருகிறவர் வேஷ்டியில் ஒட்டிக்கொள்கிற மருளூமத்தையே. ஒரே ஒரு நீண்ட இரவைக் கண்டால் போதும், அது பூக்கத் தொடங்கிவிடும். ஆனால் அந்த நீண்ட இரவின் நடுவில் சில நிமிஷம் விளக்கை ஏற்றி அணைத்துவிட்டால் பூப்பதில்லை. பகலின் நடுவில் சிறிது நேரம் இருட்டடித்தாலோ எந்த மாறுதலும் இல்லை. இலையில் உள்ள ஒரு நீலப்பச்சை நிறப்பொருள், சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவமும், சிவப்புக்கு அப்பாற்பட்ட, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி பட்டால் வேறொரு வடிவமும் எடுத்து, வெளிச்சம் போனதையும் வந்ததையும் செடிக்கு அறிவிக்கிறது. இதன் குணத்தை 1952இல் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் என்பவர்களும் அவர்களுடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். இலையில் தோன்றிக் காம்பு வழியே நுனிக்குப் பயணம் செய்து "பூக்கலாம்" என்று சொல்லும் தூதுப்பொருள் ஒன்று இருக்கவேண்டும் என்று சோவியத் விஞ்ஞானி சைலக்கியான் 1937இல் ஊகித்துச் சொல்லியிருந்தார். அது இன்ன புரதம் என்று ருசுவானது 2007இல்தான்.

அந்தப் புகையிலைச் சோதனை நடந்த வாஷிங்டன் பக்கத்தில் கோடையில் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம் நீளுகிறது, குளிர்காலத்தில் ஒன்பதரை மணிக்குச் சுருங்கிவிடுகிறது. அங்கே ஒரு செடி வித்தியாசத்தை உணர்வது பெரிய காரியமல்ல. மதுரையிலோ ஆனி மாதத்து மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிஷம்; மார்கழி மாதத்து மிகக் குறுகிய பகல் சுமார் பதினொன்றரை மணி. வருஷம் முழுவதற்குமே வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிஷத்தைத் தாண்டுவதில்லை. புரட்டாசியில் இரவும் பகலும் சமமாகிற சமயத்தில்கூட நாளொன்றுக்கு அரை நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் மாறுகிறது. கடிகாரம் கட்டிய மனிதர்களாகிய நமக்கே புலப்படாத இந்த நுட்பமான மாறுதலைப் பந்தல் அவரை கவனித்துக்கொண்டிருக்கிறது. தெருவிளக்கின் நேர் வெளிச்சத்தில் நிற்கும் சோயா மொச்சை பூக்கத் தாமதிப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். ஆகையால் உங்கள் அவரைப் பந்தலில் விளக்குக் கம்பத்தின் பக்கம் மட்டும் கார்த்திகை கழிந்தும் வெறும் இலையாக நின்றால், விதையைக் குறை சொல்வதற்கு முன்னால் விளக்கைச் சந்தேகிக்க இடமுண்டு.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்களுக்கு இந்த ரசாயனம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பலன் தெரிந்திருந்தது. ஆடியில் ஊன்றிய கொடிக்கு, நீண்ட பகல்கள் முடிவதற்குள் இலையும் தண்டும் சேர்த்துக்கொள்ளப் போதிய அவகாசம் கிடைக்கிறது. வருஷத்து மழையில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வேரும் ஊன்றிவிடுகிறது. பிறகு இரவு நீளும்போது, பெரிய கொடியாக நின்று ஏராளமாகக் காய்க்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. கோடை முழுவதும் காய்ந்து வெடித்துக் கிடந்த மண்ணில் ஈரம் பட்டதும், அதிலுள்ள மக்கும் மடிந்த நுண்ணுயிர்களும் விரைவாகச் சிதைந்து, தழைச்சத்து ஒரே வீச்சில் வெளிப்படுகிறது. ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்த பிர்ச் என்பவர் இதை 1958இல் விளக்கியதால், மண் சாஸ்திரிகள் இன்றும் இதற்கு அவர் பெயரையே வழங்குகிறார்கள். கோடை உழவு உழுது மண்ணை வெயிலில் காயப்போட்டவர் அந்தச் சத்தை முதல் பயிருக்குக் கொடுத்தார்.

எல்லாச் செடியும் இருட்டையே நம்பியிருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. தக்காளிக்கு உஷ்ணமே எஜமான். இரவு குளுமையாக இருந்தால்தான் அது நன்றாகக் காய்பிடிக்கும் என்பதை 1944இல் வென்ட் என்பவர் பரீட்சை செய்து காட்டினார். சித்திரை, வைகாசியில் செடி நிறையப் பூத்து, பூவெல்லாம் காம்போடு உதிர்ந்துபோவதற்குக் காரணம், வெந்துபோன மகரந்தமே தவிர, யாருடைய கண்ணும் பட்டதல்ல. கோஸும் காலிஃபிளவரும் இன்னும் கண்டிப்பானவை. அவற்றைச் சமவெளிக் கொல்லையில் வளர்க்க விரும்புகிறவர் ஐப்பசிக்கும் தைக்கும் நடுவே உள்ள சொற்பக் குளுமையைத் திருடிக்கொள்ள வேண்டியதுதான். கோஸ் பூத்து விதை கொடுக்க வேண்டுமானால் பல வாரக் குளிர் வேண்டுமாகையால், விதைக்கு மலைப் பிரதேசத்தைத்தான் நாடவேண்டும்.

பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றின் விஷயம் வேறு விதமானது. இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூவுக்குக் கீழே விரல்நுனி அளவு பிஞ்சு உருண்டிருந்தால் அது பெண். வெறும் காம்பு நீண்டிருந்தால் ஆண். வெயில் கடுமையாகவும் பகல் நீண்டும் இருக்கும் நாட்களில் கொடி ஆண் பூவாகவே தள்ளுகிறது; பகல் குறுகி இரவு குளிர்ந்தால் பெண் பூக்கள் அதிகப்படுகின்றன. பழத்தைப் பழுக்கவைக்கும் எத்திலீன் என்ற வாயுவே கொடியின் உடம்புக்குள் இந்த வேலையையும் செய்கிறது. பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தால், வண்டு வரவில்லை என்று அர்த்தம். பூசணிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் சுருண்டுவிடும். ஆகவே காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, உள்ளே உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரிபவை. அவற்றுக்கு அந்திநேரமே முகூர்த்தம். அடுக்களை வேலைக்கு நடுவே இதைச் செய்கிற பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் ஒருவரும் இதைத் தாவர சாஸ்திரம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இத்தனை கணக்குகளும் வந்து கூடுமிடம் மார்கழியும் தையும். திருவாதிரைக்குக் களியோடு செய்யும் கூட்டுக்குப் போகிற காய்களை எண்ணிப் பாருங்கள்: அவரை, மொச்சை, பரங்கி, பூசணி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி. சித்திரையில் நட்ட சேனை இலை பழுத்துத் தலைசாய்வது அப்போதுதான். இரவு நீளுவதால் சர்க்கரைவள்ளி கிழங்கு பெருப்பதும் அப்போதுதான். பிஞ்சாகப் பறிக்கத் தவறிய அவரை முற்றிப் பருப்புக்கு வருவதும் அப்போதுதான். பொங்கலுக்குத் திருநெல்வேலியில் சிறுகிழங்கு இல்லாமல் முடியாது. ஆவணி புரட்டாசியில் புதைத்த பனங்கொட்டை கிழங்காகித் தோண்டப்படுவதும் அந்த நாளையொட்டித்தான். சிராத்தச் சமையலில் உருளைக்கிழங்கையும் கோஸையும் இங்கிலீஷ் காய்கறி என்று ஒதுக்கிவைத்த வைதிகத்தைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். காரணம் வேறாக இருந்தாலும், கொல்லையில் அந்தந்தப் பருவத்தில் என்ன கிடைத்தது என்பதற்கான பட்டியல் ஒன்றை அந்த வைதிகம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பறித்தவுடன் சமைப்பதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். கொடியிலிருந்து கிள்ளிய காய் செத்த பொருள் அல்ல. அது சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே வரவு நின்றுபோனதால், சேர்த்துவைத்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேட் ஏறினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நம் ஊர் வெயிலில் கூடையில் கிடந்து, லாரியில் ஏறி, மறுநாள் சந்தைக்கு வரும் காய் இடையில் இழந்தது கொஞ்சமல்ல. கீரையில் இந்த நஷ்டம் இன்னும் தீவிரமானது. வாடிய இலையில், நறுக்கிய இலையில், வைட்டமின் 'சி' காற்றோடு கலந்து விரைவாக அழிகிறது. முளைக்கீரை விதைத்த இருபத்தைந்து நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போய்ப் பிடுங்கிவந்து, அலசி, நறுக்கிப் போட்டால் கிடைப்பதற்கும், இரண்டு நாள் ஈரச்சாக்கில் கிடந்த கட்டை வாங்கிப் போட்டால் கிடைப்பதற்கும் வித்தியாசம் ருசியில் மட்டும் அல்ல. ஆனாலும் இதை மிகைப்படுத்தக் கூடாது. கீரையிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் இரண்டு நாளில் எங்கும் போய்விடுவதில்லை.

வெண்டைக்காயில் காரியம் மணிக்கணக்கில் இல்லாவிட்டாலும் நாள்கணக்கில் இருக்கிறது. பூ விரிந்த ஐந்தாறு நாளில் பறித்தால் நுனி 'படக்'கென்று ஒடியும். இரண்டு நாள் அசட்டையாக இருந்தால், உள்ளே நார் மரமாக இறுகி, ஒடியாமல் வளையும். கடையில் நுனியை ஒடித்துப் பார்க்கிறவர்கள் அந்த நாரின் வயதைத்தான் விசாரிக்கிறார்கள். கொல்லை வைத்திருப்பவருக்கு அந்த விசாரணை வேண்டாம். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் செடியைப் போய்ப் பார்க்கவேண்டும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டுவைத்தால், விதை வந்துவிட்டது, இனி வேலை முடிந்தது என்று செடியும் புதிய பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

நம் நாட்டு உணவைப் பற்றிய முறையான ஆராய்ச்சி நீலகிரிக் குன்னூரில்தான் வேரூன்றியது. பாஸ்டர் நிலையத்தில் மக்காரிசன் என்பவர் 1918இல் ஒரு சிறிய அறையில் ஆரம்பித்த பணி, பின்னால் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட சிறு புத்தகம், இந்திய உணவுப் பொருள்களின் சத்தை அட்டவணையாக்கித் தந்தது. வேலியோரத்தில் கேட்பாரற்று நிற்கும் முருங்கையிலும் அகத்தியிலும் உள்ள சத்தை, விலை கொடுத்து வாங்கும் எத்தனையோ காய்களில் காண முடியாது என்பதை அந்த அட்டவணை எண்களாகவே காட்டிற்று. குழந்தைகளின் மாலைக்கண் நோய்க்கு மருந்து வேலியிலேயே இருந்தது.

கோடையில் நீர்க்காய், குளிரில் கிழங்கு என்று அந்தந்தக் காலத்தில் உடம்புக்கு வேண்டியதையே இயற்கை அந்தந்தக் காலத்தில் விளைவிக்கிறது என்று சிலர் உருக்கமாக எழுதுகிறார்கள். இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. சுரைக்காயில் நூற்றுக்கு 90 பாகத்துக்கும் மேல் தண்ணீர் இருப்பது உண்மை; வியர்த்துக் கொட்டும் நாளில் அது இதமாக இருப்பதும் உண்மை. ஆனால் அந்தக் காயைக் கொடி உண்டாக்கியது தன் விதைக்காகவே அன்றி நமக்காக அன்று. மார்கழிக் குளிரில் பழுக்கும் பூசணியிலும் தண்ணீர்தான் நிறைந்திருக்கிறது. பருவத்துக்கேற்ற ஆகாரத்தின் பெருமை, அது நம் உடம்பை எண்ணி விளைந்தது என்பதில் இல்லை. செடி வருத்தமில்லாமல் வளரும் காலத்தில் பூச்சியும் நோயும் குறைவு, மருந்தடிக்கும் அவசியமும் குறைவு, காயும் மலிவு. காய் மலிந்தால் மனிதர் தாராளமாக உண்பார்கள். இந்தச் சாதாரண லாபமே போதுமானது. அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

அந்தக் குறைவும்கூட முழுமையானதல்ல என்பதை அவரை வைத்தவர்கள் அறிவார்கள். மார்கழிப் பனியில் பூங்கதிரைச் சுற்றிக் கறுப்பாக அசுவினி மொய்த்துக்கொள்ளும். அது கசியவிடும் இனிப்புக்காக எறும்புச் சாரி ஏறும். கதிர் நுனியைக் கிள்ளி எறிந்து, காலையில் ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சிவப்பில் கறுப்புப் புள்ளியிட்ட பொறிவண்டு தென்பட்டால் அந்தச் சாம்பலும் வேண்டாம். அது பாட்டுக்கு அசுவினியைத் தின்று தீர்க்கும்.

கொல்லையை நம்பிச் சாப்பிடுவதில் உள்ள உண்மையான கஷ்டம் வேறு. வந்தால் மிதமிஞ்சி வரும். இல்லையென்றால் ஒன்றுமே இராது. தையில் தினமும் அவரைக்காய்ப் பொரியல் கண்டு குழந்தைகள் முகம் சுளிக்கும். வைகாசி ஆனியில் பாத்தியில் மண்தான் இருக்கும். வற்றல் என்பது இந்த இடைவெளிக்கு நம் முன்னோர் கண்ட பரிகாரம். பங்குனி, சித்திரை வெயிலில் சுண்டைக்காயைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் பாயில் பரப்பிக் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் வற்றும்வரை இப்படியே செய்கிறார்கள். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு கெடுக்கும் கிருமிகளுக்கு ஒத்துவராது. வெயில் மிச்ச ஈரத்தை வாங்கிவிடுகிறது. கிருமிக்கும் பூஞ்சைக்கும் பிழைக்க வேண்டிய தண்ணீர் இல்லாதபோது காய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. மணத்தக்காளி, கொத்தவரை, கத்தரி, அவரை எல்லாவற்றுக்கும் நியாயம் ஒன்றே. ஐப்பசியில் இதே முயற்சியைச் செய்தவர்கள் பூசணம் பூத்த காயைத்தான் குப்பையில் கொட்டியிருப்பார்கள்.

வற்றலோடு முருங்கை மரம் ஒன்றும், கறிவேப்பிலை ஒன்றும், கொடிப்பசலை ஒன்றும் கொல்லையில் நின்றுவிட்டால் வெறுமையான மாதங்களும் ஒருவாறு கழிந்துவிடும். முருங்கை பங்குனியிலிருந்தே காய்க்கத் தொடங்கி, மற்றவை ஓய்ந்த சமயத்தில் கைகொடுக்கும். மழைக்காலத்தில் அதன் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பிக்கொள்வது ஒன்றே அதன் பெரிய குறை. இவ்வளவும் இருந்தாலும் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு வெளியேதான் போகவேண்டும். நாலு பாத்தி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது, சோற்றுக்குத் துணைதான் போடும். அதற்குமேல் வாக்குறுதி கொடுப்பவர்கள் மண்வெட்டி பிடித்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

வரும் ஆடியில் தோட்டம் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அவசரப்படுகிறவர்களுக்கு இரவின் நீளத்தைப் பாராட்டாமல் எந்தப் பட்டத்திலும் பூக்கும் செடியவரை இருக்கிறது. கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் அத்தகைய ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். பந்தலில் ஏறும் கொடியவரைதான் வேண்டுமென்றால், எத்தனை மணி இருட்டுக்குப் பூப்பது என்ற கணக்கு ஒவ்வொரு நாட்டு ரகத்துக்கும் வெவ்வேறாக இருப்பதால், தொலைதூரத்திலிருந்து அழகான பொட்டலத்தில் வரும் விதையை நம்பாதீர்கள். உங்கள் தெருவிலேயே போன கார்த்திகையில் பூத்த கொடி எந்த வீட்டில் இருக்கிறதென்று விசாரித்து, அங்கே முற்றவிட்டு எடுத்த விதையில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி ஊன்றுங்கள்; கார்த்திகை பிறக்கும் மட்டும் அதை வெட்டாதீர்கள்.